புதியவர்கள் ஐந்து பேர், ஒரே மதியம்: கேரக்டர் ஷீட்டை எந்த வரிசையில் நிரப்புவது?

தகடூர்_பகடை (தர்மபுரி) கேட்டது:

வணக்கம். வர்ற ஞாயிறு மதியம் 2 மணிக்கு ஐந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடுவது) ஐவருக்குமே புதுசு. மூன்று பேர் இங்கே கல்லூரியில் படிப்பவர்கள். மற்ற இரண்டு பேர் தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவதால் 6 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஆட்டம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், முதல் லெவல். நடத்துவது நான். விதிகள் எனக்குப் பழக்கம்தான், புதியவர்களை வைத்துக் கேரக்டர் உருவாக்குவதுதான் புதுசு.

கேரக்டர் ஷீட்டை (ஆளின் விவரமும் எண்களும் எழுதும் தாள்) நிரப்ப, புத்தகத்தில் ரேஸ் (இனம்), கிளாஸ் (தொழில்), எபிலிட்டி ஸ்கோர் (பலம், சுறுசுறுப்பு போன்ற ஆறு திறன்களின் எண்), ஆளைப் பற்றிய விவரம், சாமான் என்று வரிசை போட்டிருக்கிறது. அப்படியே போனால் ஐந்து பேருக்கும் சேர்த்து மாலை ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கே ஒரு சின்ன சண்டையாவது ஆடிவிட்டு அனுப்ப வேண்டும். எண்களுக்குப் பகடை உருட்டவிடலாமா? கதைப் பின்னணி எவ்வளவு கேட்கலாம்? களம் நம்ம ஊர்ப் பக்கம்தான், தகடூர்க் (தர்மபுரியின் பழைய பெயர்) காலத்தை ஒட்டிய ஒரு கற்பனை நாடு. கையில் ஒரே ஒரு பகடை செட்தான் இருக்கிறது.

---

கரந்தைப்பூ (கிருஷ்ணகிரி):

முதல் அரை மணிக்கு ஷீட்டை வெளியே எடுக்காதீங்க. அந்தத் தாளில் எழுபது எண்பது கட்டம் இருக்கும். அதைப் பார்த்ததும் புதியவர் பரீட்சை எழுதுகிற முகத்துக்குப் போய்விடுவார். வெள்ளைத்தாளில் ஆளுக்கு மூன்று கேள்வி மட்டும் கேளுங்க.

ஒன்று, சண்டை மூண்டால் உன் ஆள் எங்கே நிற்பான்? முன்னால் நிற்பவன் ஃபைட்டர், மறைந்து நின்று குத்துபவன் ரோக், தூரத்தில் நின்று தீ வைப்பவன் விசார்ட், அடிபட்டவன் பக்கத்தில் நிற்பவன் கிளெரிக். இலவச பேசிக் ரூல்ஸில் இருப்பதும் இந்த நாலு கிளாஸ்தான், முதல் நாளுக்கு இதுவே தாராளம். பன்னிரண்டு கிளாஸையும் அடுக்கிக் காட்டினால் படித்துக் காட்டவே ஒரு மணி நேரம் போய்விடும்.

இரண்டு, சண்டை இல்லாத நேரத்தில் எதில் கெட்டிக்காரன்? பதிலை வைத்து ஸ்கில்லை நீங்களே குறித்துவிடலாம். 'சந்தையில் எவனையும் பேசி மடக்குவான்' என்றால் பெர்சுவேஷன் அல்லது டிசெப்ஷன். 'காட்டில் தடம் பார்ப்பான்' என்றால் சர்வைவல்.

மூன்று, எதைப் பார்த்தால் இவன் புத்தி தடுமாறும்? ஷீட்டில் ஃப்ளா என்று இருக்கும் கட்டம் இது. பர்சனாலிட்டி டிரெய்ட், ஐடியல் இரண்டையும் இப்போதைக்குக் காலியாக விடுங்க, மூன்றாவது ஆட்டத்தில் தானே தெரிந்துவிடும்.

அதன்பிறகு எண்கள். பகடை உருட்ட வேண்டாம் என்பது என் கட்சி. நாலு ஆறுமுகப் பகடை உருட்டி மிகச் சிறியதைத் தள்ளும் முறையில் ஒரு எண்ணின் சராசரி 12.24. ஸ்டாண்டர்ட் அரே என்கிற 15, 14, 13, 12, 10, 8-இன் சராசரி 12. பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் உருட்டும்போது பத்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு 18 விழும், பக்கத்தில் இருப்பவருக்கு மிஞ்சிப் போனால் 13 வரும். அந்த இடைவெளி பத்து ஆட்டம் ஆனாலும் மேசையில் உட்கார்ந்தே இருக்கும். 27 புள்ளியில் வாங்கும் பாயின்ட் பை முறை நியாயமானதுதான், ஆனால் அது விதி தெரிந்தவர்களுக்கு. 14-க்கு 7 புள்ளி, 15-க்கு 9 புள்ளி, 13-க்கு மட்டும் ஏன் 5 என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஸ்டாண்டர்ட் அரேயும் கூட்டிப் பார்த்தால் சரியாக 27 புள்ளிதான்.

15-ஐ எங்கே வைப்பது என்பதைக் கிளாஸ் சொல்லிவிடும்: ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் என்கிற பலம் (வில்லாளி என்றால் டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பு), ரோக்குக்கு டெக்ஸ்டெரிட்டி, விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ், கிளெரிக்குக்கு விஸ்டம். அடுத்தது கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி). யாருக்கும் அதில் 8 போகக்கூடாது. எதற்கு இந்தப் பிடிவாதம் என்றால், முதல் லெவலில் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) என்பது கிளாஸ் பகடையின் உச்ச எண்ணோடு கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர் (ஸ்கோரிலிருந்து வரும் கூட்டல் எண்). விசார்டுக்கு அந்த உச்ச எண் 6. கான்ஸ்டிட்யூஷன் 8 என்றால் மாடிஃபையர் -1, ஹிட் பாயிண்ட் வெறும் 5. சாதாரண காப்ளின் (குட்டி அரக்கன்) ஒன்று 20 உருட்டிவிட்டால் கிரிட்டிகல் அடி, இரண்டு ஆறுமுகப் பகடையோடு 2. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்குப் போன பின்னும் மிச்சமிருக்கும் அடி, முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கு இருந்தால் அந்த இடத்திலேயே சாவு. அதாவது மொத்தம் 10 வந்தாலே முடிந்தது. அந்தக் கிரிட்டிகல் அடிகளில் 36-க்கு 15 அப்படி முடியும். கான்ஸ்டிட்யூஷனை 13 ஆக்குங்க, ஹிட் பாயிண்ட் 7, இப்போது 36-க்கு 1தான். முதல் ஆட்டத்தில் முதல் அடியில் செத்தவர் இரண்டாவது ஞாயிறு வரமாட்டார்.

இன்னொன்று, ஒற்றைப்படை எண்ணால் பிரயோஜனம் குறைவு. மாடிஃபையர் என்பது 10-ஐக் கழித்துப் பாதியாக்கிக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவது, ஆகவே 14-க்கும் 15-க்கும் ஒரே +2. ஹ்யூமனுக்கு ஆறிலும் +1 என்று கேட்டதும் எல்லோரும் மயங்கிவிடுவார்கள். ஸ்டாண்டர்ட் அரேயில் அதனால் உண்மையில் ஏறுவது இரண்டே இடம், 15-ம் 13-ம்தான். ரேஸை எண் வைத்துப் பேசாமல் 'இருட்டில் கண் தெரிய வேண்டுமா, குள்ளமாக ஓடி ஒளிய வேண்டுமா' என்று கேட்டு முடிவு செய்யுங்க, எண் தானாக ஒட்டிக்கொள்ளும்.

மந்திரங்களைப் புதியவர் கையில் கொடுக்காதீங்க. மொத்த நேரமும் கரைவது அங்கேதான். விசார்டின் ஸ்பெல்புக்கில் 6 மந்திரம்: மேஜிக் மிசைல், ஷீல்டு, மேஜ் ஆர்மர், ஸ்லீப், டிடெக்ட் மேஜிக், ஃபைண்ட் ஃபெமிலியர். அன்றைக்குத் தயார் செய்வது முதல் நாலு. ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) இரண்டுதான் என்பதைத் தாளில் இரண்டு பெரிய வட்டமாகப் போட்டுக் கொடுத்து, பயன்படுத்தியதும் அடிக்கச் சொல்லுங்க.

அரை மணி கேள்வி, முக்கால் மணி எண்ணும் சாமானும், ஒரு டீ. மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கிவிடலாம்.

---

எட்டுமுகம் (ஓசூர்):

கரந்தைப்பூ சொன்ன கேள்விகள் எனக்கும் சம்மதம். ஆனால் ஐந்து பேரை உட்கார வைத்து முக்கால் மணியில் எண் நிரப்புவது நடக்காது. ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற நாலு பேர் போனை எடுத்துவிடுவார்கள். முன்கூட்டியே முக்கால்வாசி நிரப்பிய ஷீட்டை வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்க. பெயர், இரண்டு ஸ்கில், ஃப்ளா, பக்கத்து ஆளோடு உறவு ஆகிய நாலையும் காலியாக விட்டால் போதும், 'இது என் ஆள்' என்ற எண்ணம் வந்துவிடும். முழுதாகப் பெயர் வரை எழுதித் தருவதுதான் தப்பு. அப்படித் தந்த ஆளை யாரும் மனசோடு ஆடுவதில்லை.

ரேஸ் கூட்டலோடு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

வாள் ஃபைட்டர், ஹ்யூமன்: ஸ்ட்ரெங்த் 16, கான்ஸ்டிட்யூஷன் 15, டெக்ஸ்டெரிட்டி 14, விஸ்டம் 13, கரிஸ்மா 11, இன்டெலிஜென்ஸ் 9. ஹிட் பாயிண்ட் 12. செயின் மெயில் 16, கேடயம் 2, ஏசி (இவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 18. லாங்ஸ்வோர்டு +5 (குறிவைக்கும் பகடையோடு கூட்டுவது), டூயலிங் ஸ்டைல் எடுத்தால் அடி எட்டுமுகப் பகடையோடு 5.

வில் ஃபைட்டர், வுட் எல்ஃப்: டெக்ஸ்டெரிட்டி 17, கான்ஸ்டிட்யூஷன் 14, விஸ்டம் 14, ஸ்ட்ரெங்த் 12, இன்டெலிஜென்ஸ் 10, கரிஸ்மா 8. ஹிட் பாயிண்ட் 12, லெதர் ஆர்மரில் ஏசி 14. ஆர்ச்சரி ஸ்டைலோடு லாங்போ +7, அடி எட்டுமுகத்தோடு 3.

ரோக், லைட்ஃபுட் ஹாஃப்லிங்: டெக்ஸ்டெரிட்டி 17, கான்ஸ்டிட்யூஷன் 14, கரிஸ்மா 14, விஸ்டம் 12, இன்டெலிஜென்ஸ் 10, ஸ்ட்ரெங்த் 8. ஹிட் பாயிண்ட் 10, ஏசி 14, ரேப்பியர் +5. ஸ்டெல்த்தில் (ஒளிந்து நகர்வது) எக்ஸ்பர்டைஸ் (தேர்ச்சி இரட்டிப்பு) போட்டால் +7.

விசார்ட், ஹை எல்ஃப்: இன்டெலிஜென்ஸ் 16, டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிட்யூஷன் 13, விஸ்டம் 12, கரிஸ்மா 10, ஸ்ட்ரெங்த் 8. ஹிட் பாயிண்ட் 7. ஏசி 13, மேஜ் ஆர்மர் போட்டால் 16. சேவ் டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண்) 13.

கிளெரிக், ஹில் டுவார்ஃப், லைஃப் டொமைன்: விஸ்டம் 16, கான்ஸ்டிட்யூஷன் 16, ஸ்ட்ரெங்த் 13, கரிஸ்மா 12, டெக்ஸ்டெரிட்டி 10, இன்டெலிஜென்ஸ் 8. ஹிட் பாயிண்ட் 12 (8 + 3, ஹில் டுவார்ஃபுக்கு ஒன்று கூடுதல்). செயின் மெயிலும் கேடயமும் சேர்ந்து ஏசி 18. பிளெஸ், க்யூர் வூண்ட்ஸ் இரண்டும் டொமைனோடே வந்துவிடும், அதற்கு மேல் நாலு தயார் செய்யலாம். ஹீலிங் வேர்டு அந்த நாலில் கட்டாயம் இருக்கட்டும், விழுந்தவனை 60 அடி தூரத்திலிருந்தே எழுப்பலாம்.

ஆளுக்கு ஒரு சின்ன அட்டையில் நாலே எண்ணைத் தமிழில் பெரிசாக எழுதிக் கொடுங்க: குறி, அடி, காப்பு (ஏசி), உயிர் (ஹிட் பாயிண்ட்). ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டாலும் கண் அட்டையில்தான் இருக்கும்.

புதியவர் ஷீட்டில் வழக்கமாகத் தப்பு நடக்கிற இடங்கள், ஆட்டத்துக்கு முன் ஒருமுறை பாருங்க. 16 என்ற ஸ்கோரையே பகடையோடு கூட்டிவிடுவார்கள், கூட்ட வேண்டியது +3. அதனால்தான் அட்டையில் ஸ்கோரே எழுதச் சொல்லவில்லை. புரொஃபிஷியன்சி (தேர்ச்சிக்கான கூட்டல்) +2-ஐ அடியிலும் சேர்ப்பார்கள். அது குறிக்கு மட்டும், அடிக்குக் கிடையாது. செயின் மெயிலோடு டெக்ஸ்டெரிட்டியைக் கூட்டுவார்கள். அது அப்படியே 16, ஒரு புள்ளி கூடாது, ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) வேறு. கேடயம் பிடித்துக்கொண்டே வில் இழுப்பார்கள். ரோக்குக்குக் கிரிமினல் பின்னணி கொடுத்தால் ஸ்டெல்த் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அப்போது ஒன்றுக்குப் பதில் வேறு ஸ்கில் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு, பலரும் அதைக் கவனிக்காமல் ஒரு ஸ்கில்லை இழந்துவிடுகிறார்கள். ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் அடி) ஒளிந்திருந்தால்தான் என்று நினைப்பார்கள். குறிவைத்தவனுக்கு 5 அடி தூரத்துக்குள் நம் ஆள் ஒருவன் நின்றாலே போதும், ரோக்குக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாதவரை.

இன்னொரு எச்சரிக்கை. இன்டர்நெட்டில் அவர்களே தேடிப் படித்துவிட்டு வந்தால் 2024 புத்தகத்தின் விஷயம் கலந்துவிடும். அதில் எண் கூடுவது ரேஸால் அல்ல, பின்னணியால். எல்லா கிளாஸுக்கும் சப்கிளாஸ் (லைஃப் டொமைன் போன்ற உட்பிரிவு) மூன்றாம் லெவலில்தான். க்யூர் வூண்ட்ஸ் ஒரு பகடைக்குப் பதில் இரண்டு. ரேஸிலும் பின்னணியிலும் இரண்டு பக்கமும் +2 போட்டுக்கொண்டு வந்த ஷீட்டை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம்: முதல் லெவலிலேயே 18, 19 நிற்கும்.

ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி 5.1-ஐ (அடிப்படை விதிகளின் தொகுப்பு) 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் விட்டுவிட்டார்கள். அதில் இருப்பதைத் தமிழாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம், கீழே மூலத்தைக் குறிப்பிடும் வரி இருந்தால் போதும்.

---

கல்_படிப்பவர் (அரூர்):

எண்ணைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். கதைப் பின்னணிக்கு உங்க மாவட்டத்திலேயே நல்ல அச்சு இருக்கிறது: நடுகல். தர்மபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்க. கல்வெட்டுள்ள நடுகல் பெரும்பாலும் சில வரிதான். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, அந்த வட்டாரத்தை ஆண்டவன் யார், எந்த ஊர், செத்த வீரன் யாருடைய சேவகன், எதற்காகப் போய் விழுந்தான். அநேகமாகத் தொறு மீட்டுப் பட்டிருப்பான், தொறு என்றால் மாட்டு மந்தை.

இதை அப்படியே திருப்பிப் போடுங்க. ஒவ்வொருவரும் தன் ஆளுக்கு மூன்று வரி எழுதட்டும்: எந்த ஊர், யாரிடம் வேலை பார்த்தான், எதற்காக ஒருமுறை உயிரைப் பணயம் வைத்தான். அந்த மூன்றாவது வரியில் ஒரு நிபந்தனை, சம்பவம் முடிந்திருக்கக் கூடாது. மாடு இன்னும் திரும்பி வரவில்லை, கொடுத்த வாக்கு பாக்கி, தப்பித்தவன் அக்கரையில் இருக்கிறான் என்று ஏதாவது தொங்கட்டும். முடிந்துபோன கதையால் டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) ஒரு உபயோகமும் இல்லை. ஆறு பக்கம் எழுதி வருபவரிடம் வாங்கி வைத்துக்கொண்டு, இதிலிருந்து மூன்று வரி எடு என்று சொல்லிவிடுங்க. முதல் லெவல் ஆள் இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆறு பக்கத்தில் பெரும்பாலும் அவன் ஏற்கெனவே பத்துப் போர் ஜெயித்திருப்பான், பிறகு மேசையில் காப்ளினிடம் அடி வாங்கும்போது ஒட்டாது.

ஐவரையும் ஒரே சம்பவத்தில் கட்டுவது இன்னும் சுலபம். கரந்தைப் பக்கம், அதாவது மந்தையை மீட்கப் போன கூட்டம். விடியற்காலையில் மாடு போய்விட்டது, ஊர் மன்றில் யார் யார் எழுந்தார்கள்? ஃபைட்டர் ஊர்க்காவல், ரோக் முன்பு அந்தக் கள்ளர்களோடு சுற்றியவன் (வழி தெரியும்), விசார்டின் ஏடுகளைச் சுமந்த வண்டிமாடும் அதே மந்தையில் போய்விட்டது, கிளெரிக் மாட்டின் சொந்தக்காரிக்கு வாக்குக் கொடுத்தவர், வில்லாளி தடம் பார்ப்பவர். இப்படி ஆரம்பித்தால் 'நான் தனிமரம், யாரையும் நம்பமாட்டேன்' என்று ஒரு ஆளைக் கொண்டுவருகிற பேச்சுக்கே இடம் கிடையாது. புதியவர்களில் ஒருவராவது அப்படிக் கேட்பார், பாருங்க. அவரிடம் ஒரே கேள்வி போதும்: 'சரி, இந்த நாலு பேரில் யாரை மட்டும் நம்புவான், ஏன்?'

உறவு கட்ட, இடப்பக்கம் இருப்பவரோடு ஒரு கடன், வலப்பக்கம் இருப்பவரோடு ஒரு ரகசியம். ஐந்து பேருக்கு ஐந்து கடன், ஐந்து ரகசியம் கிடைத்துவிடும். அதற்கு மேல் இழுக்காதீங்க.

இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்க. கிளெரிக்கின் சாமிக்கு யாருடைய குலதெய்வத்தின் பெயரும் வேண்டாம், கற்பனையாக ஒரு எல்லைச்சாமி வையுங்க. பகடை 1 விழுந்து மேசையே சிரிக்கும்போது ஒருவருக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும். சாதியைக் காட்டும் பெயரும் பட்டமும் எந்த ஆளுக்கும் வேண்டாம், ஊர்ப்பெயரை முன்னொட்டாகப் போட்டால் போதும். இதை விளக்கம் சொல்லிக் கெஞ்சாமல் மேசை விதியாகவே முதலில் சொல்லிவிடுங்க.

---

தகடூர்_பகடை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எட்டுமுகம் சொன்ன முக்கால்வாசி ஷீட், கரந்தைப்பூ கேள்விகள், மந்தை மீட்பு, இப்படியே சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். ஒரு செட் பகடையை ஐந்து பேர் சுற்றிச் சுற்றி வாங்கினால் மந்தமாகிவிடுமே? அடுத்தது, தேன்கனிக்கோட்டைத் தம்பி ஒருவர் இப்போதே போனில் சொல்லிவிட்டார், தன் வில்லாளிக்குத் துணையாக யானை வேண்டுமாம்.

---

புளியங்கொட்டை (பாலக்கோடு):

பகடைக்கு: செட்டில் இருக்கும் டி20-ஐ (இருபதுமுகப் பகடை) நீங்க வைத்துக்கொள்ளாமல் மேசை நடுவில் விடுங்க. ஸ்டேஷனரி கடையில் சாதாரண ஆறுமுகப் பகடை பத்து வாங்கிக்கொள்ளுங்க, அடிக்கும் மந்திரத்துக்கும் பாதி வேலை அதில் ஆகிவிடும். செட்டின் பத்துமுகப் பகடையோடு ஒரு ஆறுமுகம் சேர்த்தால் இரண்டாவது டி20 தயார். ஆறுமுகத்தில் 1 முதல் 3 வந்தால் பத்துமுகம் காட்டுவது அப்படியே, 4 முதல் 6 வந்தால் அதோடு 10 கூட்டணும். பத்துமுகத்தில் 0 என்றால் 10. எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்புதான், கணக்கு இடிக்காது. சீட்டு எழுதிக் குலுக்குவதானால் எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்பப் போடணும், இல்லையென்றால் 20 ஒருவருக்கு வந்தபின் அன்றைக்கு யாருக்கும் வராது. அட்வான்டேஜுக்கு (இரண்டு உருட்டிப் பெரியதை எடுப்பது) இரண்டையும் ஒன்றாக உருட்டலாம் என்பது கூடுதல் வசதி.

போன் ஆப் வேண்டாம் என்பேன். போன் மேசைக்கு வந்தால் திரும்பப் போகாது.

---

கரந்தைப்பூ (கிருஷ்ணகிரி):

யானை நடக்காதுங்க. அதன் சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு ஆபத்தான எதிரி என்ற எண்) 4, முதல் லெவல் ஐவர் சேர்ந்தாலும் திணறும் பிராணி. விதிப்படி விலங்குத் துணை வருவதே ரேஞ்சரின் பீஸ்ட் மாஸ்டர் வழியில், அதுவும் மூன்றாம் லெவலில், மீடியம் அளவுக்குள், சேலஞ்ச் ரேட்டிங் கால் வரைக்கும்தான். முடியாது என்று மட்டும் சொல்லாதீங்க, தம்பிக்கு மாஸ்டிஃப் நாய் ஒன்றைக் கொடுங்க. சேலஞ்ச் ரேட்டிங் எட்டில் ஒன்று, ஏசி 12, ஹிட் பாயிண்ட் 5, கடி +3, அடி ஆறுமுகத்தோடு 1. கடிபட்டவன் ஸ்ட்ரெங்த் சேவில் 11 எட்டவில்லை என்றால் கீழே விழுவான். புத்தக விலை 25 கோல்டு, ஃபோக் ஹீரோ பின்னணியில் கையில் இருப்பது 10தான். அதனால் காசுக்கு வாங்கச் சொல்லாமல், அந்தப் பின்னணி தரும் சலுகையை நீக்கிவிட்டு அதற்குப் பதில் நாயைத் தந்துவிடலாம்.

நடுகல் அச்சுக்கும் பொருந்தும். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாயே வீரனோடு நிற்கிறது, இரண்டு கள்ளரைக் கடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

ஆடும்போது நாய்க்குத் தனி இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை எப்போது என்பது) உருட்டாதீங்க, தம்பியின் முறையிலேயே நடக்கட்டும். நகர்வது இலவசம், கடிக்கச் சொன்னால் அந்தச் சுற்றில் அவர் அம்பு விடக்கூடாது. இந்தக் கட்டு இல்லையென்றால் ஒருவருக்கு மட்டும் சுற்றுக்கு இரண்டு அடி ஆகிவிடும், வாள் ஃபைட்டர் அடுத்த சண்டையிலேயே தனக்கும் நாய் கேட்பார். நாயின் 5 ஹிட் பாயிண்டையும் அவர் அட்டையிலேயே எழுதிவிடுங்க. பூஜ்யத்துக்குப் போனால் உடனே சாகடிக்காமல், ஆளுக்கு இருப்பது போல டெத் சேவ் (பிழைக்க உருட்டும் பகடை) கொடுங்க.